வேட்டைக்கு ஒருபோதும் போகாத குதிரையை முதன்முறை கொண்டுசெல்வது எப்படி?

நிலாவெளியாள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நிலாவெளியைச் சேர்ந்த நான் அயர்லாந்தின் கோல்வே மாவட்டத்தில் உள்ள ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். இப்போது விடுமுறையில் வீட்டில் நிற்கிறேன். ஓகஸ்ட் முடிவில் திரும்ப வேண்டும். திரும்பியதும் என் பொறுப்பில் வரப்போகும் ஒரு குதிரையைப் பற்றி, குதிரையோடு பழகிய நம்மூர் ஆட்களிடம் கேட்பது நல்லது என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

அது ஐந்து வயதான, சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை; உயரம் 16 கை (ஒரு கை நான்கு அங்குலம்). லாயத்தின் உரிமையாளரான பெண்மணி (அவரை அம்மா என்றே குறிப்பிடுகிறேன்) அதைக் கடந்த ஒக்ரோபரில் பல்லினாஸ்லோ குதிரைச் சந்தையில் வாங்கினார். எல்லாம் பழகிய குதிரை என்று விற்றவர் சொன்னதைத் தவிர, அதன் முந்திய வாழ்க்கையைப் பற்றி எங்களிடம் ஒரு தகவலும் இல்லை. குளிர்காலம் முழுவதும் புல்வெளியில் நின்றது. வசந்த காலம் தொடங்கியதிலிருந்து நான்தான் ஏறி வந்தேன். தெருவில் தனியாகப் போகும்போது அதன் குணம் தங்கம்: உழவு இயந்திரம் உரசிக்கொண்டு போனாலும் ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்க்கும். ஆனால் வேறு இரண்டு குதிரைகள் முன்னால் துள்ளுநடையில் போய் வளைவில் மறைந்துவிட்டால், கடிவாளத்தைப் பறித்து இழுத்து, கழுத்தெல்லாம் வியர்த்து, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும். இதுவரை உதைத்ததில்லை, ஆனால் உதைபடும் தூரத்தில் இன்னொரு குதிரை நின்ற சந்தர்ப்பமும் வரவில்லை.

வேட்டைநாய்களின் பின்னால் குதிரையேறிப் போகும் நரி வேட்டைப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் முறைப்படி திறக்கும் நாளன்று, தன் குதிரைக்குப் பின்னால் நான் இதில் ஏறி வரவேண்டும் என்று அம்மா விரும்புகிறார். நான் முன்பு வேட்டைக்குப் போயிருக்கிறேன். ஆனால் அது எல்லாம் அறிந்த ஒரு கிழட்டுக் குதிரையின் மேல் ஏறிப் போனது. கோல்வே என்றால் வயலுக்கு வயல் கல்மதில். இந்தக் குதிரையை அந்த நாளுக்குக் கொண்டுபோவது சரியா, கொண்டுபோவதென்றால் அதற்கு முன் நான் என்னென்ன செய்யவேண்டும் என்று விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

உப்புவெளியான்:

தங்கச்சி, அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் வேட்டைக் குதிரைகளைப் பராமரிக்கும் லாயமொன்றில் பல குளிர்காலங்கள் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். திறப்பு நாளுக்கு அந்தக் குதிரையைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டில் அதைவிட மோசமான நாளை ஒரு புதுக் குதிரைக்குத் தெரிவுசெய்ய முடியாது. அன்று ஊர் முழுவதும் வரும். வாகனங்களும் சிறுவர்களும் பானத் தட்டுகளோடு நடமாடுகிறவர்களும் நிறைந்திருக்க, மயிர் வெட்டி, ஓட்ஸ் தின்று, மாதக்கணக்கில் காத்திருந்த குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். வேட்டை என்றால் என்ன என்பதைக் குதிரை தன் முதல் காலையிலேயே தீர்மானித்துக்கொள்கிறது. எல்லோரும் தன்னை விட்டுவிட்டு ஓடும் இடம் அது என்று ஒருமுறை பதிந்துவிட்டால், அதை மாற்றப் பருவங்கள் ஆகும்.

உங்களுக்கு வாய்ப்பாக, அதற்கு முந்திய இலையுதிர்கால வேட்டை இருக்கிறது. அறுவடை முடிந்த பிறகு, செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும், விடிகாலையில் நடப்பது அது. அந்த வாரங்களில் இளம் வேட்டைநாய்களும் தொழில் பழகுகின்றன. ஆகவே நாய்களை நடத்துகிற ஹன்ட்ஸ்மன் முதற்கொண்டு எல்லோரும் நிதானமாகப் போவார்கள். சவாரிக்கு வருகிறவர்கள் சிலரே. பெரும்பாலான நேரம் புதர்க்காட்டின் ஓரத்தில் நின்று காத்திருப்பதுதான் வேலை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் குதிரைக்குத் தெரியாதது ஓடுவதோ தாண்டுவதோ அல்ல. மற்றவை போகும்போது நிற்பது. அதைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அதற்கும் முன்னால் இன்னொரு படி உண்டு. கோடையின் கடைசியில் வேட்டைநாய்களைத் தினமும் தெருவழியே நடத்திப் பயிற்சி கொடுப்பார்கள். ஒரு காலை உங்கள் குதிரையை அவற்றின் பின்னால், நல்ல இடைவெளி விட்டு நடத்திவர அனுமதி கேளுங்கள். நாய்க்கூட்டத்தின் மணமும் கால்களுக்கிடையில் அவை புகுந்து போவதும் அதற்கு அப்போதே பழகிவிடும். நாய்கள் உங்களைக் கடந்து போகும்போதெல்லாம் குதிரையின் முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி, பின்புறத்தை வேலிப் பக்கம் வைத்திருங்கள். உங்கள் குதிரை இன்னொரு குதிரையை உதைத்தால் மன்னிப்புக் கேட்டுத் தப்பலாம். வேட்டைநாயை உதைத்த குதிரையை அங்கே ஆண்டுகள் கழித்தும் மறக்கமாட்டார்கள்.

முதல் காலை போகும்போது வாகனத்தைக் கூடுமிடத்திலிருந்து ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டு ஏறி நடந்து போங்கள். அந்த ஒரு மைலில் அதன் முதுகும் மனமும் தளரும். அந்தக் கிழட்டுக் குதிரை இன்னும் இருந்தால், அதில் நிதானமான ஒருவரை ஏற்றிப் பக்கத்திலேயே வைத்திருங்கள். புதுக் குதிரையோடு கூட்டத்தின் கடைசியில் நிற்கவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கடைசியில் நின்றால் முழுக் கூட்டமும் தன் கண்முன்னே மறைவதை அது பார்க்க நேரும். உங்கள் குதிரைக்கு வேதனையே அங்குதான் தொடங்குகிறது. பின்வரிசையில், ஆனால் ஓரமாக, முன்னால் திறந்த வெளி தெரிகிற இடத்தில், கிழட்டுக் குதிரையோடு சேர்ந்து நில்லுங்கள். சவாரிக்கு வருகிறவர்களை நடத்துகிற பீல்ட் மாஸ்டரைத் தாண்டி மட்டும் ஒருபோதும் போகக்கூடாது.

அன்று மதில் எதுவும் தாண்டவேண்டாம், படலையால் போங்கள். பின்னொரு காலை தாண்டத் தொடங்கும்போது, முன்னால் போகும் குதிரை மறுபக்கம் இறங்கி நகர்ந்து போகும் வரை இடைவெளி விடுங்கள். அது மறுத்து நின்றாலும் விழுந்தாலும் நீங்கள் விலக இடம் வேண்டும். கோல்வே மதில்கள் சாந்து பூசாமல் வெறுமனே அடுக்கியவை என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் போனவர்கள் மேற்கல்லைத் தட்டிவிட்ட இடம் தாழ்வாகத் தெரிந்தாலும், விழுந்த கற்கள் இறங்கும் பக்கத்தில் கிடக்கும். குலையாமல் நிற்கும் உயரமான பகுதி பல வேளைகளில் அதைவிடப் பாதுகாப்பானது.

ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை மணித்தியாலம் போதும். அது அமைதியாக நிற்கும் ஒரு தருணத்தைப் பார்த்து, மாஸ்டரிடம் "குட்நைட்" சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காலை ஒன்பது மணியானாலும் விடைபெறும்போது அப்படித்தான் சொல்வது அங்கே வழக்கம்.

தம்பலகாமத்தான்:

எனக்குக் குதிரை தெரியாது. சவாரி மாடு தெரியும். புது நாம்பனை முதன்முறை சவாரித் திடலுக்குக் கொண்டுபோகும்போது நாங்கள் அதை ஓடவிடுவதில்லை. பழகிய மாட்டோடு வண்டிலில் பூட்டி, சனம் கத்துகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, வைக்கோல் போட்டு, ஓட்டம் முடியும் வரை பார்க்கவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். சனத்துக்கு நடுவில் ஒரு மாடு தின்னத் தொடங்கினால்தான் அதற்குப் பயம் தெளிந்தது என்று கணக்கு. உப்புவெளித் தம்பி சொல்வதும் அதே முறையாகத்தான் எனக்குப் படுகிறது. பிள்ளை, உங்கள் குதிரை கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி ஒரு வாய் புல் கடிக்கிறதா என்று பாருங்கள்.

நிலாவெளியாள்:

மிக்க நன்றி அண்ணா, நன்றி ஐயா. இலையுதிர்கால வேட்டை பற்றி அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். அதற்கு அவர் மறுக்கவில்லை. ஆனால் குதிரை இழுக்கிறது என்றால் இப்போதுள்ள ஸ்னாஃபிள் என்ற சாதாரணக் கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, தாடைச் சங்கிலியோடு கூடிய பெல்ஹம் கடிவாளத்தை அன்று காலை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறார். அதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

உவர்மலை ஓய்வுநிலையாளர்:

பிள்ளை, நான் கொழும்பில் பொலிஸ் குதிரைப்படைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது உவர்மலையில் வசிப்பவன். வேட்டையில் எனக்கு அனுபவம் இல்லை; ஆனால் முன்னர் அறியாத குதிரையைச் சனக்கூட்டத்துக்குள் கொண்டுபோவதே எங்கள் தொழிலாக இருந்தது. உங்கள் மனம் ஒப்பாதது சரியே. பலத்தால் இழுக்கும் குதிரை வேறு, பதற்றத்தால் இழுக்கும் குதிரை வேறு. நீங்கள் விவரித்தது இரண்டாவது வகை. பதறுகிற குதிரையின் தாடையில் புதிதாக வலியும் சேர்ந்தால், முன்னால் போக வழியில்லாத அது பின்னங்காலில் எழும்பி நிற்கும். ஓடுகிற குதிரையைவிட எழும்புகிற குதிரை ஆபத்தானது. பெல்ஹம் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. அது தேவைப்படலாம். தேவைப்பட்டால் வாரக்கணக்கில் முன்னதாக வீட்டிலேயே போட்டு, மற்றக் குதிரைகளோடு வேகமாகப் போகும்போதும் அது ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே கொண்டுபோகவேண்டும். எந்தச் சாமானையும் முதன்முதலாக அன்று காலை போடாதீர்கள்.

நான் செய்விக்கும் பயிற்சியைச் சொல்கிறேன். மூன்று குதிரைகளை ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டு வரிசையாக நடத்துங்கள். கடைசியில் வருவது மற்ற இரண்டையும் கடந்து முன்னால் போகட்டும். பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. இப்படி மாறி மாறிப் போகும்போது, முன்னால் போன குதிரை மறைந்துபோவதில்லை, தன் முறையும் வரும் என்பது உங்கள் குதிரைக்கு விளங்கும். அது நடையில் அமைதியானதும் துள்ளுநடையில் செய்யுங்கள். அடுத்ததாக உங்கள் குதிரையை நிறுத்திவைத்து, மற்ற இரண்டும் இருபது அடி போய்த் திரும்பி வரட்டும். கழுத்தைத் தாழ்த்தி வாயை மென்றால் தூரத்தைக் கூட்டுங்கள், ஆடத் தொடங்கினால் குறையுங்கள். நின்றே தீரவேண்டும் என்று பிடித்து இறுக்காதீர்கள். ஆடுகிற குதிரையைச் சிறிய வட்டத்தில் நடக்கவிட்டால் அதன் கால்களுக்கு வேலை கிடைக்கும், உங்கள் கைக்கும் ஓய்வு கிடைக்கும். மூன்றும் ஒன்றாக வேகமெடுத்து, ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் நிற்பது கடைசிப் பாடம். இதைச் செய்யமுடியாத குதிரை வேட்டைக்கு ஆயத்தமில்லை என்று உங்கள் அம்மாவிடம் துணிந்து சொல்லலாம்.

இழுக்கும்போது என்ன செய்வதென்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வார்களையும் கழுத்துக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்து, கைகளைப் பிடரியின் இரு பக்கமும் ஊன்றிக்கொள்ளுங்கள். அப்போது குதிரை இழுப்பது உங்கள் தோளை அல்ல, தன் கழுத்தையே. ஒரு பழைய அங்கவடி வாரைக் கழுத்தைச் சுற்றிப் பூட்டிவிட்டால், அது திடீரென்று பாயும்போது நீங்கள் வாயில் தொங்காமல் அந்த வாரைப் பிடிக்கலாம்.

உதைக்குமா என்று அறிய, வேண்டுமென்றே இன்னொரு குதிரையை அதன் பின்னால் கொண்டுபோய்ச் சோதிக்காதீர்கள். புல்வெளியில் தீனி போடும் நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று கவனியுங்கள். காதை மடக்கி, வாலைச் சுழற்றி, பின்புறத்தைத் திருப்பிக் காட்டுகிற குதிரை உதைக்கக்கூடியது.

கோட்டைவீதி:

இடையில் ஒரு கேள்வி. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது தடைசெய்யப்பட்டதல்லவா? நாய்கள் நரியைக் கொல்வதைப் பார்க்கவும் மனம் வரவில்லை. வாசனைப் பொருளை இழுத்துச் சென்று அதன் தடத்தில் நாய்களை ஓடவிடும் முறை இருக்கிறதாமே. இந்தக் குதிரைக்கு அதுவே பொருத்தமாக இராதா?

உப்புவெளியான்:

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2005 பெப்ரவரி 18 முதல் தடை. அயர்லாந்துக் குடியரசில் அத்தகைய தடை இல்லை. நரியைக் கொல்வது பற்றிய உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு. நான் அங்கே குதிரைகளுக்காகவே நின்றேன். வாசனைத் தடத்தில் ஓடும் சவாரியை ஒரு பழகிய குதிரைக்கு மனதாரச் சிபாரிசு செய்வேன். ஆனால் அதில் தடமும் தாண்டவேண்டிய இடங்களும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பதால், தொடங்கினால் முடியும் வரை பாய்ச்சல்தான். நின்று பழகவேண்டிய குதிரைக்கு அது முதல் நாளில் பொருந்தாது. அடுத்த பருவத்தில் பார்க்கலாம்.

சாம்பல்தீவு கால்நடை மருத்துவர்:

பேராதனையில் படித்து, நுவரெலியாவில் சில காலம் குதிரைகளைப் பார்த்தவன் என்ற முறையில், சொல்லப்படாத சிலவற்றைச் சேர்க்கிறேன். தங்கச்சி இங்கே விடுமுறையில் நிற்கும்போது அங்கே அந்தக் குதிரையில் யார் ஏறுகிறார்கள்? ஒருவரும் ஏறவில்லை, புல்வெளியில்தான் நிற்கிறது என்றால், செப்ரெம்பரில் அது வேட்டைக்குப் போகக்கூடிய உடலோடு இராது. முதல் இரண்டு மூன்று வாரம் தெருவில் நடை, பிறகு சிறிது சிறிதாகத் துள்ளுநடை, ஏற்றமான இடங்களில் வேலை, அதன் பிறகே வேகம். இப்படிப் பார்த்தால் முதல் காலை ஒக்ரோபர் நடுப்பகுதிக்குத்தான் வரும். நாய்களின் தெருப் பயிற்சிக்குப் பின்னால் நடப்பதை மட்டும் உடனேயே தொடங்கலாம். அது இந்த நடை வாரங்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

கடிவாளத்தை மாற்றுவதற்கு முன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயது வரை குதிரைக்குப் பாற்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். கடைவாய்ப் பல்லின் கூர்விளிம்பு கன்னத்தைக் கிழித்தாலும், முன்னால் சிறிய ஓநாய்ப்பல் ஒன்று கடிவாளத்தில் முட்டினாலும், அது தலையைப் பறிப்பதைக் குணக்கேடு என்று நாம் நினைத்துவிடுவோம். பெட்டைக் குதிரை என்பதால் இன்னொன்று: நாட்கள் குறுகிக் குளிர் தொடங்கும் வரை பருவச் சுழற்சி தொடரும், அந்த நாட்களில் மற்றக் குதிரைகளிடம் வழக்கத்தைவிட எரிச்சல் காட்டலாம்.

அயர்லாந்தில் ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு இருக்கவேண்டும் என்பது சட்டம். அதன் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், ஏர்ப்புவலிக்கு (டெட்டனஸ்) எதிரான முதல் ஊசியும் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போடவேண்டும். இதில் சமரசம் கூடாது; ஏர்ப்புவலி எளிதில் பீடிக்கும் மிருகங்களில் குதிரை முதன்மையானது, உங்கள் வேலிகளோ முள்வேலிகள்.

தீனியில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். வேலை செய்யும் நாளில் கொடுக்கும் தானியத்தை ஓய்வு நாளிலும் அப்படியே கொடுத்தால், மறுநாள் வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் பின்தொடைத் தசைகள் மரம்போல் இறுகி, கோப்பி நிறத்தில் சிறுநீர் போகும் நோய் வரலாம். அப்படி நேர்ந்தால் ஓரடியும் நடத்தாமல், அந்த இடத்திலேயே போர்வை போர்த்தி மருத்துவரை அழையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, நான்கு கால்களையும் குளம்பிலிருந்து முழங்கால் வரை வெறுங்கையால் தடவிப் பாருங்கள். அங்கே வேலிகளில் வளரும் கருமுள் மரத்தின் முள் மயிருக்குள் ஒடிந்து நின்றால் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு மணல்போல் தட்டுப்படும், அல்லது அந்த இடத்தில் சிறிய ஈரச் சிரங்குபோல் இருக்கும். மூட்டுக்கோ தசைநாண் உறைக்கோ தூரமான இடமென்றால் பிடுங்கிச் சுத்தம் செய்யலாம். மூட்டுக்கு அருகில் என்றால், அல்லது மறுநாள் காலை மூட்டு வீங்கிக் காலை ஊன்ற மறுத்தால், அன்றைக்கே மருத்துவர் பார்த்தாகவேண்டும். ஆறுதலாகப் பார்க்கலாம் என்று விட்ட மூட்டுத் தொற்றினால் நல்ல குதிரைகள் உழைக்க முடியாமல் போயிருக்கின்றன. லாயத்தில் ஓய்வாக நிற்கும்போது அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு எவ்வளவு என்று இப்போதே எண்ணி எழுதிவையுங்கள். வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு. அன்று மாலை அது அந்த அளவுக்கு இறங்காமல் நின்றால், உடம்பில் எங்கோ வலி இருக்கிறது என்று தேடுங்கள்.

நிலாவெளியாள்:

ஐயா கேட்டது சரி. நான் வந்த பிறகு குதிரை புல்வெளியில்தான் நிற்கிறது. இன்று மறுபடியும் அம்மாவிடம் பேசினேன். திறப்பு நாளை விட்டுவிடவும், பல் பார்க்கிறவரை முதலில் அழைக்கவும் ஒத்துக்கொண்டார். கடவுச்சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்ததில் தடுப்பூசிப் பக்கம் வெறுமையாக இருக்கிறதாம். முதல் ஊசியை நான் வருவதற்கு முன்பே போடுவிப்பதாகச் சொன்னார். கிழட்டுக் குதிரையும் இருக்கிறது. அதில் ஏற, கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் சம்மதித்திருக்கிறார். ஒன்று மட்டும் விளங்கவில்லை: மற்றவர்களை எச்சரிக்கக் குதிரையின் வாலில் நாடா கட்டுவார்களே, அது எந்த நிறத்தில்?

உப்புவெளியான்:

பழகாத குதிரைக்குப் பச்சை, உதைக்கும் குதிரைக்குச் சிவப்பு. ஓய்வுநிலை ஐயா சொன்னபடி புல்வெளியில் கவனித்து, சந்தேகம் இருந்தால் இரண்டையும் கட்டுங்கள். நாடா இருக்கிறது என்பதற்காக மற்றவர்கள் விலகுவார்கள் என்று நம்பியிராமல், ஒடுங்கிய ஒழுங்கையிலும் படலையடியிலும் நிற்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் விரித்துக் காட்டுங்கள். பின்னால் வருகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். போவதற்கு முந்திய நாள் வேட்டைக் குழுவின் செயலாளரை அம்மா அழைத்து, புதுக் குதிரை ஒன்று வருகிறது, சீக்கிரம் திரும்பிவிடும் என்று சொல்லட்டும். அன்று எந்தப் பக்கம் நின்றால் வசதி என்பதையும், செலுத்தவேண்டிய கட்டணத்தையும் அவரே சொல்வார்.